மலச்சிக்கல் மருந்தை ஒரு வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள்

ஐந்து வயதுப் பையன். என் அறைக்குள் வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். குதிகாலை உயர்த்தி, கால்களைப் பின்னி, மூச்சைப் பிடித்துக்கொண்டான். முகம் சிவந்தது. அரை நிமிடம் கழித்துத் தளர்ந்தான்.

“பாருங்க டாக்டர், இப்படித்தான் நாள் முழுக்க முக்குறான். வரவே மாட்டேங்குது” என்றார் அம்மா.

அவன் முக்கவில்லை. வருகிற மலத்தை வெளியே விடாமல் அடக்கிக்கொண்டிருந்தான்.

என்றோ ஒரு நாள் இறுகிய மலம் வலியோடு போயிருக்கும். இனிமேல் போகவே கூடாது என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மலம் இன்னும் இறுகி, இன்னும் பெரிதாகிறது. அடுத்த முறை வலி கூடுகிறது, பயமும் கூடுகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்து, ‘வருகிறது’ என்ற உணர்வே மங்கிவிடும்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இறுகிக் கிடக்கும் மலத்தின் ஓரமாக இளகிய மலம் கசிந்து ஜட்டியில் படுகிறது. அது படுவது குழந்தைக்கே தெரிவதில்லை. வீட்டிலோ ‘இத்தனை வயசாகியும் இப்படியா’ என்று திட்டு விழுகிறது, சில வீடுகளில் அடியும் விழுகிறது. இன்னும் சிலர் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, கொடுத்துக்கொண்டிருந்த மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

இந்தப் பையனுக்கு ஏற்கெனவே இரண்டு முறை மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறையும் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டேன். “பழகிப் போயிடும்னு சொன்னாங்க டாக்டர். அப்புறம் மருந்து இல்லாம குடல் வேலையே செய்யாதாமே?”

வாரத்துக்கு நான்கைந்து பெற்றோராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது. குழந்தைகளுக்கு நாங்கள் முதலில் எழுதுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பவுடர். மேக்ரோகால் என்றும் சொல்வார்கள். இது குடலை விரட்டி வேலை வாங்குவதில்லை. உடம்பில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. கலக்கிக் குடித்த தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான். குடல் சோம்பலாவது மருந்தால் அல்ல. மாதக்கணக்கில் மலம் தேங்கி விரிந்து கிடப்பதால். விரிந்த மலக்குடல் பழையபடி சுருங்க நாளாகும், வலியின் நினைவு மறைய அதைவிடவும் நாளாகும். அதுவரை ஒருமுறைகூட வலிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் மருந்து.

சிகிச்சையில் முதல் வேலை, தேங்கியதை வெளியேற்றுவது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, மூன்று முதல் ஆறு நாட்கள். இவன் 16 கிலோ. அப்படியானால் ஒரு நாளைக்கு 16 முதல் 24 கிராம். அந்த நாட்களில் கசிவு கூடுதலாகவே தெரியும், பயப்பட வேண்டாம். வாய்வழி மருந்தே பெரும்பாலும் போதும் என்பதால், ஏற்கெனவே பயந்திருக்கும் குழந்தைக்கு எனிமா கொடுக்க நான் அவசரப்படுவதில்லை. அப்புறம் அளவைக் குறைத்து, கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் தொடர்வோம். தினமும் மிருதுவாக, வலியில்லாமல் போக வேண்டும். அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைப்போம். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பவுடர் கிடைக்காத இடத்தில் லாக்டுலோஸ் சிரப் கொடுக்கலாம். கொஞ்சம் வாயுத் தொல்லை இருக்கும்.

குறைந்தது இரண்டு மாதம். அதிலும், எல்லாத் தொந்தரவும் தீர்ந்து ஒரு மாதமாவது ஆன பிறகுதான் குறைக்கத் தொடங்க வேண்டும். பல குழந்தைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகிறது.

நார்ச்சத்தும் தண்ணீரும் வயதுக்குத் தேவையான அளவு வேண்டும்தான். ஆனால் கல்லாக இறுகிவிட்ட மலத்தைப் பழம் மட்டும் கரைத்துவிடாது. அதைவிட, சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் டாய்லெட்டில் உட்காரட்டும். கால் தொங்கக் கூடாது, அடியில் ஒரு முக்காலி போடுங்கள். போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள்.

நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதில் வேறு நோய் எதுவும் இருப்பதில்லை. ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கிய குழந்தை, பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், எடை ஏறாமை, கால்களில் பலவீனம் என்றால் வீட்டில் பவுடர் கலக்கிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே காட்டுங்கள்.

அந்த அம்மாவிடம் ஒரு நோட்டு போடச் சொன்னேன்: தேதி, போனானா, இறுகலா மிருதுவா, வலித்ததா. அளவைக் குறைக்கும்போது மீண்டும் இறுகத் தொடங்கினால், அடுத்த முறை என்னைப் பார்க்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே பழைய அளவுக்குத் திரும்பிவிடச் சொன்னேன்.