நவம்பர் பரீட்சை ஏப்ரலிலேயே போய்விடுகிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாலை வகுப்பில் பொறியியல் படிக்க வருகிறவர்களுக்குப் பல வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். பிப்ரவரியில் உட்கார இடம் இருக்காது, மே மாதம் வந்தால் பாதி நாற்காலி காலி. வீட்டில் கேட்டால் "கணக்கு வரல, விட்டுட்டான்" என்பார்கள். நான் பார்த்தவரை கணக்கு வராமல் விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பாடத்துக்குப் பெயர் கொடுக்கும் நாளில் போட வேண்டிய வேறொரு கணக்கைப் போடாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரப் படிப்பு, வகுப்பு, லேப், பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து. 12 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. செமஸ்டரை 15 வாரம் என்று வைத்தால் வாரம் 8 மணி, நான்கு பாடம் எடுத்தால் 32. இந்த நாட்டுச் சட்டப்படி சாதாரண வேலை நேரமே வாரம் 45 மணி வரை இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் 77, சாட்ஸ்வொர்த்துக்கும் வெருலத்துக்கும் போய்வருகிற நேரமும் ஓவர்டைமும் சனிக்கிழமைக் கல்யாணங்களும் இன்னும் சேரவில்லை! பகுதிநேரத்தில் இரண்டு பாடம் போதும் என்றால் ஆட்களுக்குக் கோபம் வருகிறது, தம்பி மகன் முழுநேரத்தில் படித்து முந்திவிடுவானாம்.

வட கரையோரத்துச் சர்க்கரை ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள் கதை தனி. கரும்பு அரைப்பு ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை இரவும் பகலும் ஓடும். முதல் டெஸ்டும் நவம்பர் பரீட்சையும் அதற்குள்ளேதான் வரும். போன வருஷம் ஒரு ஃபிட்டர் பையன், மூளைக்காரன், டெஸ்டுக்கு வரவில்லை. மறுவாரம் கிரீஸ் போகாத விரல்களோடு வந்து நின்றான்.

"பாய்லர் நின்னுபோச்சு அங்கிள், ஃபோர்மன் விடல." (எங்கள் ஊரில் வாத்தியாரும் அங்கிள்தான்.)

"ஷிஃப்ட் சீட்டை முன்னாடியே கொடுத்திருக்கலாமே?"

"புரட்டாசி முடிஞ்சதும் உட்கார்ந்து படிச்சுக்குவேன் அங்கிள்."

புரட்டாசி முடிவது அக்டோபர் நடுவில். டி.பி. என்று நாங்கள் சொல்கிற, டெஸ்டுகளில் சேரும் வருஷ மதிப்பெண் அதற்குள் கணக்காகியிருக்கும். பெரும்பாலான பாடங்களில் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். அது இல்லையென்றால் பரீட்சை அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். அவனுக்கு அப்படித்தான் ஆனது. என் பங்கும் இதில் உண்டு, அவன் வராத அன்றே நான் ஒரு போன் போட்டிருக்க வேண்டும், வருகைப் பதிவில் கோடு கிழித்துவிட்டுப் போய்விட்டேன்.

இன்னொன்று, படிக்கிறவர்கள் பலருக்குத் தெரிவதில்லை: தொழிலாளர் சட்டத்தில் வருடாந்திர விடுப்பு, நோய் விடுப்பு, குடும்பப் பொறுப்பு விடுப்பு எல்லாம் இருக்கிறது, படிப்பு விடுப்பு இல்லை. அது கம்பெனியின் விதிப்படிதான், கேட்டால்தான் வரும். கம்பெனி பணத்தில் படிக்கிறவர்கள், ஃபெயிலானால் திருப்பிக் கட்டணுமா என்று ஒப்பந்தத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வயிறெரிவது பாடமெல்லாம் முடித்தும் பட்டயம் வாங்காதவர்களை நினைத்துத்தான். பழைய நேஷனல் டிப்ளமாவில் நாலு செமஸ்டர் பாடம், அதோடு ஆறாறு மாதமாக இரண்டு தொழிற்பயிற்சி. எலக்ட்ரீஷியன் ஒருவர் பாடமெல்லாம் பாஸ், பயிற்சியில் செய்த வேலையை எழுதி இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்குகிற லாக்புக்கை மட்டும் சமர்ப்பிக்கவில்லை. "தினமும் அந்த வேலையத்தானே செய்றேன், அதுக்கு என்ன கையெழுத்து?" என்பார். மேற்பார்த்த இன்ஜினியர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார், லாக்புக்கோ சாமி மாடத்தின் கீழ் அப்படியே கிடந்தது. அப்புறம் 2019 முடிவோடு பழைய பாடத்திட்டங்களில் புதிதாகச் சேருவதே நின்றுபோனது. புதியதற்கு மாறினால் பாடத்துக்குப் பாடம் சரியாக ஒட்டாது, சிலதைத் திரும்ப எழுதணும். ஐம்பதை நெருங்குகிற மனிதர் இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமா என்று கேட்டார். வேண்டும்தான், ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாக்புக் வைத்திருக்கிறவர்கள் மாதக் கடைசியிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அந்த ஃபிட்டர் பையன் இந்த வருஷம் இரண்டே பாடம் எடுத்திருக்கிறான். முதல் வகுப்பிலேயே ஆலையின் ஷிஃப்ட் பட்டியலை நகலெடுத்து என்னிடம் கொடுத்தான். ஜூன் வரை இரவு ஷிஃப்ட் நாட்களுக்கெல்லாம் சிவப்பு வட்டம், அதில் ஒன்று சரியாக என் இரண்டாவது டெஸ்ட் நாள். டெஸ்டைத் தள்ளிவைக்க முடியுமா என்று துறையில் கேட்டிருக்கிறேன்.