ஆலைக் குளம் புளித்தால்

பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஊர் மாதிரி இருக்கும். பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா. மலாயாவில் வணிகத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்டது இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில்தான், 1917-இல். தோட்டத்தின் பெயரோ தென்னமரம், நட்டதோ செம்பனை.

மழை விட்ட சாயங்காலத்தில் காற்று செம்பனை எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து திரும்பினால் ஒரு வாடை வரும். புளித்த மாவில் கெட்ட முட்டையை உடைத்து ஊற்றினாற்போல். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாடையே இல்லை. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள்தான் மூக்கைப் பிடிப்பார்கள். அவர்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. அந்தப் புளிப்பும் முட்டை வாடையும் ஆலைக் குளத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுடையவை.

லாரியில் வந்த குலைகளை ஆலை முதலில் வேகவைக்கிறது. சுமார் 140 பாகை நீராவியில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பழத்திலுள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக்கிவிடும். அதை அடக்கத்தான் இந்தச் சூடு. வெட்டிய குலையை அன்றன்றே ஏற்றிவிடச் சொல்லி விரட்டுவதும் இதனால்தான். வெந்த பழத்தைப் பிழிந்து, சுடுநீர் விட்டு, மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டால் அடியில் நிற்பது பழுப்பு நிறக் குழம்பு. ஒரு டன் குலைக்கு 600 முதல் 700 லிட்டர். வெளியே வரும்போது 80 பாகைக்கு மேல் கொதிக்கும்.

எண்ணெய் எடுக்க இதில் விஷமான இரசாயனம் எதையும் கலப்பதில்லை. அப்புறம் ஆற்றில் விட்டால் என்ன? மீன் சாகும், மூச்சு முட்டி. ஆற்றுப் பாக்டீரியாக்களுக்கு இந்தக் குழம்பு கல்யாண விருந்து. தின்னத் தின்ன நீரில் கரைந்த ஆக்ஸிஜனையெல்லாம் அவையே இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கும் என்பதை வைத்துத்தான் கழிவை அளக்கிறார்கள். பல நாடுகளில் மாதிரியை 20 பாகையில் 5 நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம். நம் வெயிலுக்குத் தக்கபடி மலேசிய விதி 30 பாகையில் 3 நாள் என்கிறது. ஆலைக் குழம்பு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கேட்கும். வீட்டுச் சாக்கடை கேட்பதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. 1977-இல் வந்த விதிமுறைகள் படிப்படியாக இறுகி, ஆற்றில் விடும் கழிவுக்கு 1984-இல் வரம்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றானது. எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் சிலாங்கூர் ஆறுதான் கீழே கம்போங் குவாந்தானில் மின்மினிகளுக்கு வீடு என்பதை நினைத்தால் அந்த 100-கூட எனக்கு அதிகமாகத்தான் படுகிறது.

குழம்புக்குள் காற்று ஊதி, ஆக்ஸிஜன் கொடுத்தே 25,000-ஐ 100 ஆக்கலாம் என்றால் மின்கட்டணம் கட்டி மாளாது. அதனால் முதல் வேலையைக் காற்றில்லாமல் வாழும் உயிர்களிடம் விடுகிறார்கள். ஆழமான குளங்களை வரிசையாக வெட்டி, குழம்பை வாரக்கணக்கில் ஊறவைப்பது பழைய முறை.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளத் தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கரைத்து வைத்தது காலையில் பொங்கியிருக்கும். மறந்துபோய் இன்னொரு நாள் வெளியே விட்டால் வாயில் வைக்க முடியாது. மாவில் இருப்பது புளிக்கவைக்கும் கூட்டம் மட்டும். அமிலத்தை எடுத்துத் தின்ன அங்கே ஆள் இல்லை. குளத்தில் இருக்கிறார்கள். முதல் கூட்டம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடைத்து அமிலமாக்கும். இடையில் வேறு சில உயிர்கள் அதை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சிறிதாக்கும். கடைசிக் கூட்டம் அவற்றைத் தின்று மீத்தேன் என்ற எரிவாயுவை விடும். இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாகூட இல்லை, ஆர்க்கியா என்ற தனிக் குலம். மாட்டு வயிற்றிலும் சதுப்புச் சேற்றிலும் குடியிருப்பவை. புதுத் தொட்டியைத் தொடங்கும்போது மாட்டுச் சாணத்தையோ பழைய குளத்துச் சேற்றையோ ஊற்றுவது, பாலுக்கு உறை ஊற்றுவதைப் போலத்தான்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. அமிலக் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிக்கும். அசிட்டிக் அமிலத்தைத் தின்னும் ஆர்க்கியாவுக்கோ பல நாள் வேண்டும். குழம்பை அவசரமாக ஊற்றினால் அமிலம் குவியும். மீத்தேன் கூட்டத்துக்குப் புளிப்பு ஆகாது. அமிலகார அளவு (pH) 7-ஐ ஒட்டி இருந்தால்தான் வேலை செய்யும். அது சோர்ந்தால் அமிலம் இன்னும் ஏறும், ஏறினால் இன்னும் சோரும். வாயு நின்றுபோய்த் தொட்டி முழுக்கப் புளித்துவிடும்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் இதற்காக நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி, இந்த மந்தமான கூட்டத்தைத் தொட்டியை விட்டு அடித்துப் போகாமல் வைப்பது எப்படி என்பதுதான். 1970-களில் நெதர்லாந்தின் வாகெனிங்கனில் லெட்டிங்கா என்ற ஆய்வாளர் ஒரு வழி கண்டார். கழிவைத் தொட்டியின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏற்றினால் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஜவ்வரிசி போன்ற உருண்டைகளாகின்றன. தண்ணீர் மேலே போய்விடும். கனமான உருண்டை கீழேயே தங்கும். வாரக்கணக்கு சில நாட்களாகச் சுருங்கியது.

ஆனால் செம்பனைக் குழம்பில் எண்ணெயும் நாரும் அதிகம். எண்ணெய் உருண்டைமேல் படிந்தால் அது மிதந்து வெளியேறிவிடும். எண்ணெயை முன்பே வழித்தெடுப்பதா, அமிலத்துக்கும் மீத்தேனுக்கும் தனித்தனித் தொட்டி வைப்பதா, எந்த வேகத்தில் ஊற்றுவது என்று சோதித்துப் பார்க்கிறார்கள். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இப்படி உருண்டைகளை வளர்த்து ஆராய்ந்த இடங்களில் ஒன்று. அங்கெல்லாம் தொட்டி என்பது பெரும்பாலும் மேசைமேல் நிற்கும் கண்ணாடிக் குழாய்தான்.

வெளியே, பல ஆலைகள் எளிய வழியையே பிடித்திருக்கின்றன: குளத்தின்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துவது. வாயு சேரச் சேர அது பூரி மாதிரி உப்பும். கணக்குப் பார்த்தால் ஆசை வரும். மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலை 20 மணி நேரம் ஓடினால் சுமார் 780 கன மீட்டர் குழம்பு. ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு, அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன். எஞ்சினில் எரித்தால் நாளைக்குச் சுமார் 50,000 யூனிட்; மாதம் 300 யூனிட் செலவழிக்கும் 5,000 வீடுகளுக்குக் காணும். எல்லாம் சரியாக ஓடினால்தான். போர்த்தாமல் விட்டால் அதே மீத்தேன் வானத்துக்குப் போய், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட எடைக்கு எடை 28 மடங்கு சூடேற்றும்.

பேரப்பிள்ளைகள் மூக்கைப் பிடித்த முட்டை வாடை, ஹைட்ரஜன் சல்ஃபைடு. எஞ்சினை அரித்துவிடும். அதையும் தின்னும் பாக்டீரியா உண்டு. வாயுவை அவை வாழும் கோபுரத்தின் வழியாக அனுப்பிக் கழுவுகிறார்கள்.

பெருநாளுக்கு மூடிய ஆலை திரும்ப ஓடும்போது முழுக் குழம்பையும் முதல் நாளே தொட்டிக்குள் விடமாட்டார்கள். கொஞ்சமாக ஊற்றி, அமிலகார அளவைப் பார்த்து, மறுநாள் கூட்டுவார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குக் கஞ்சியில் தொடங்குவது போல.