ஹீட் சிங்க்: மூழ்குவது எது?

ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியில் பழைய வீடியோ கேம் ஆடுவது எப்படி என்று தமிழில் இப்போது நிறைய வழிகாட்டிகள் வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அவற்றில் பாதியிலாவது இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: 'ஓவர்க்ளாக் செய்யும் முன் சிப்பின் மேல் வெப்ப மூழ்கியைப் பொருத்தவும்.' ஓவர்க்ளாக் என்றால் சிப்பின் வேகத்தைக் கூட்டுவது. அந்த வாக்கியத்தை முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது காணொளிகளிலும் வாயாலேயே 'வெப்ப மூழ்கி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இனியும் பேசாமல் இருந்தால் அதுவே நிலைத்துவிடும்.

பொருள் என்ன என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அலுமினியத்திலோ செம்பிலோ செய்த, சீப்புப் பற்கள் போலத் தகடுகள் நிற்கும் சின்னத் துண்டு. சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும். ஆங்கிலத்தில் ஹீட் சிங்க்.

சொல்லின் பிறப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 'சிங்க்' என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் இறங்கு, அமிழ் என்று பொருள். பெயர்ச்சொல்லாக அது 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் கழிவுநீர் போய் விழும் குழியைக் குறித்தது. பிறகு அடியில் துளை வைத்த தொட்டியானது, கடைசியில் நம் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. வெப்ப இயக்கவியல்காரர்கள் அந்தப் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள்: வெப்பம் கிளம்பும் இடம் ஒன்று, போய்ச் சேரும் இடம் ஒன்று. போய்ச் சேரும் இடம் சிங்க். ஆக, ஹீட் சிங்க்கில் இருப்பது வடிகால் என்ற பெயர். மூழ்குதல் என்ற வினைக்கு அங்கே வேலையே இல்லை. அகராதியைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது. இயந்திரம் செய்ததா மனிதர் செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டோம், அதுதான் வருத்தம்.

சரி, பிறப்பு எப்படியோ போகட்டும், வழக்கில் வந்த பின் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். ஏற்கலாம், தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு பொருள் வராமல் இருந்தால். 'மூழ்கு' தன்வினை. அது செயப்படுபொருளை ஏற்காது. 'கப்பல் மூழ்கியது' என்போம், 'கப்பலை மூழ்கினான்' என்று யாரும் சொல்வதில்லை, 'மூழ்கடித்தான்' என்றுதான் சொல்லவேண்டும். அதனால்தான் நீர்மூழ்கி என்றால் நீரில் மூழ்குவது. நீரை எதுவும் செய்வதில்லை, தானே உள்ளே போகிறது. இதே கணக்கில் வெப்பமூழ்கி என்றால் என்ன? வெப்பத்தில் மூழ்குவது. தன் வெப்பத்திலேயே மூழ்கித் தவிப்பது யார் என்று பார்த்தால், சிப்! காப்பாற்ற வந்தவன் பெயரை விட்டுவிட்டுத் தத்தளிப்பவன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒலிபெருக்கி, உருப்பெருக்கி, சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் இதே அச்சில் வந்த சொற்கள்தானே என்று ஒரு நண்பர் வாதாடினார். அவற்றையே பாருங்கள். ஒலியைப் பெருக்குவது ஒலிபெருக்கி. பெருகு என்பது தன்வினை, பெருக்கு என்பது பிறவினை. 'ஒலிபெருகி' என்று எவரும் வைக்கவில்லை. சுமையைத் தாங்குவது சுமைதாங்கி. முன்னால் நிற்கும் பெயர் அங்கே செயப்படுபொருள், பின்னால் வரும் வினை அதை ஏற்கும் வினை. பெயர் வைத்தவர்களுக்கு இலக்கணப் புத்தகம் தேவைப்படவில்லை, காது இருந்தது. வெப்பமூழ்கியில் அந்தக் காதுதான் இல்லை.

மூழ்கியைக் கைவிட்டவர்கள் வேறு மூன்று சொற்களில் ஒதுங்குகிறார்கள்: வெப்ப மடு, வெப்பத் தொட்டி, வெப்ப உறிஞ்சி. இவற்றில் மடு அழகான சொல். ஆற்றில் ஆழமான இடம் மடு. ஓட்டம் நின்றாலும் அங்கே தண்ணீர் நிற்கும். காடும் கடலும் கரிமத்தை இழுத்து வைத்துக்கொள்வதைப் பற்றி எழுதும்போது 'கரிம மடு' என்றால் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே தேங்குவதுதான் விஷயம். ஆனால் சிப்பின் மேல் உட்கார்ந்த அலுமினியத் துண்டில் வெப்பம் தேங்கினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தொட்டிக்கும் இதே குறைதான். துளை இல்லாத சிங்க்குக்குப் பெயர் தொட்டி. பாத்திரம் கழுவுகிறவர்களைக் கேட்டால் வித்தியாசம் சொல்வார்கள்.

உறிஞ்சிதான் எனக்குப் பெரிய சண்டை. மூழ்கியைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆள் ஏமாற மாட்டார். உறிஞ்சி நம்பும்படியாக இருப்பதால் ஏமாற்றும். வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று பெயரே சொன்னால், வாங்கி ஒட்டிவிட்டுப் பெட்டியின் மூடியைச் சாத்திவிடத்தான் தோன்றும். சாத்துகிறார்கள். பிறகு 'ஒட்டியும் சூடு குறையவில்லை' என்று புலம்புகிறார்கள்.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ராஸ்பெரி பை 4 வந்தது 2019 ஜூனில். நான்கு கோர், 1.5 கிகாஹெர்ட்ஸ். எண்பதுகளின் நின்டெண்டோ ஆட்டங்களுக்கும் முதல் பிளேஸ்டேஷனுக்கும் இந்த வேகமே தாராளம். 1996-இல் வந்த நின்டெண்டோ 64, 1998-இன் டிரீம்காஸ்ட், 2004-இன் பிஎஸ்பி என்று போகும்போதுதான் சில ஆட்டங்களில் முதலில் ஒலி விக்கும், அப்புறம் படம் திக்கும். உடனே அமைப்புகள் இருக்கும் கன்ஃபிக் கோப்பைத் திறந்து 2 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதுகிறோம். அந்த வேகத்தில் சிப் நிலையாக ஓட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. வினை இங்கேதான். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் மூன்றில் ஒரு பங்கும் மின்னழுத்தம் 10 சதவீதமும் கூடினால், 1.33 பெருக்கல் 1.21, அதாவது சுமார் 1.6 மடங்கு. தின்ற மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வரவேண்டும், அதுவும் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்திலிருந்து.

அலுமினியத் துண்டு இந்த வெப்பத்தை வாங்கி என்ன செய்யும்? சில நிமிடம் தானும் சூடாகும், அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. அதன் உண்மையான வேலை பரப்பு. நகமளவு இடத்தில் கிளம்பும் வெப்பத்தைத் தகடுகளின் இரண்டு பக்கமும் விரித்து, காற்று தொடும் இடத்தைப் பல மடங்காக்குகிறது. காற்று தொட்டு, சூடாகி, மேலே எழும்ப, அடியில் புதுக்காற்று வரும். இந்தச் சுற்று நடக்கும்வரைதான் துண்டுக்கு மதிப்பு. பலகையை மேசையில் படுக்கப் போடாமல் நெட்டுக்குத்தாக நிறுத்தினாலே சில டிகிரி இறங்குவதும் இதனால்தான். காற்று எழும்ப வழி கிடைக்கிறது. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் எத்தனை தகடு வைத்தாலும், உள்ளே இருக்கும் காற்றே சூடேறிய பிறகு கொடுக்க இடமில்லை. 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் பை தானாக வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். அதற்கு முந்தைய 3 பி பிளஸ் இன்னும் முன்ஜாக்கிரதை, 60 டிகிரியிலேயே 1.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2-க்கு இறங்கிவிடும். கஷ்டப்பட்டு ஏற்றிய வேகம் ஆட்டத்தின் நடுவே காணாமல் போகும். பெட்டியையே அலுமினியத்தில் செய்து விற்கிறார்களே, அதன் சூட்சுமமும் வேறில்லை. பெட்டிக்கு வெளியே இருக்கும் காற்றைச் சிப் தொட அது வழி செய்கிறது.

'குளிர்விப்பான்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் அதிகப்படியான வாக்குறுதி. இந்தத் துண்டு அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் கொண்டுபோகாது, விசிறி வைத்தாலும் கொண்டுபோகாது. மே மாதத்தில் வேலூரில் அறைக்குள் 38 டிகிரி என்றால் கணக்கு 38-இலிருந்துதான் தொடங்கும். கேம்பிரிட்ஜில் 20 டிகிரி அறையில் அளந்து எழுதியவர் 'விசிறி தேவையில்லை' என்றால் அது அவருக்குச் சரி. மொழிபெயர்க்கிறவர் சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அந்த 18 டிகிரியை மறந்துவிடுகிறார்.

நான் முன்வைக்கும் சொல் வெப்பப்போக்கி. தமிழர் வீட்டுக்குப் புதியதல்ல, புகைபோக்கியின் தம்பி. புகைபோக்கி புகையைச் சேமிப்பதில்லை, அழிப்பதுமில்லை, வெளியே போக வழி விடுகிறது. போகு தன்வினை, போக்கு பிறவினை, முன்னால் வரும் பெயரைச் செயப்படுபொருளாக ஏற்கும். அதைவிட முக்கியம், புகைபோக்கியின் வாயை அடைக்கக்கூடாது என்று எவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. பெயரே பெட்டியைத் திறந்து வைக்கச் சொல்கிறது. 'வெப்பநீக்கி'யும் கிட்டத்தட்ட வரும், ஆனால் நீக்கினால் ஒழிந்தது என்ற தொனி இருக்கிறது. வெப்பம் ஒழிவதில்லை, இடம்தான் மாறுகிறது.

மரங்கொத்தி போல மெல்லினம் நிற்க வேண்டாமா, 'வெப்பம்போக்கி' என்றுதானே வரவேண்டும் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் வெப்பக்கடத்தியை நாம் ஏற்கெனவே வலி மிகுத்துத்தான் எழுதிவருகிறோம். இரண்டில் எது நிலைத்தாலும் எனக்கு வழக்கில்லை.

தனித்தமிழ் வெறி என்று நினைத்துவிட வேண்டாம். மின்னணுச் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் போய் 'வெப்பப்போக்கி கொடுங்க' என்று நான் கேட்கப்போவதில்லை, ஹீட் சிங்க் என்றுதான் கேட்பேன். ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்குகள் பல்லாண்டாக அப்படித்தான் சொல்கிறார்கள். 2என்3055 டிரான்சிஸ்டரைத் தடித்த அலுமினியத்தில் திருகி, தகடுகளைப் பெட்டிக்கு வெளியே, முதுகுப் பக்கம் நீட்டி வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தமிழ்ச்சொல் இல்லை, ஆனால் பொருள் புரிந்திருந்தது. எழுதுகிற நமக்கு முன்னால் இரண்டு நேர்மையான வழிகள்: ஒன்று, ஹீட் சிங்க் என்றே எழுதுவது. இல்லையென்றால் வேலையைச் சொல்லும் சொல்லை எழுதுவது. இரண்டுமில்லாமல் ஆங்கிலத்தின் நிழலைத் தமிழ் எழுத்தில் எழுதுவதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த நிழல் ஒரு சொல்லோடு நிற்கவும் இல்லை. சூடேறியதும் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'த்ராட்டிலிங்' என்பார்கள். குரல்வளை தொடர்பான சொல், பிறகு எஞ்சினுக்குள் போகும் ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வுக்குப் பெயரானது. இதைத் 'தொண்டை நெரிப்பு' என்று மாற்றியிருப்பதை ஒரு வழிகாட்டியில் பார்த்தேன். 'வெப்பத் தொண்டை நெரிப்பு ஏற்பட்டால் பதற வேண்டாம்' என்று வேறு ஆறுதல்! வேகக்குறைப்பு என்றால் போதும். ஓவர்க்ளாக்குக்கு வைத்த 'மிகைக் கடிகாரம்' அடுத்த அதிசயம். சிப்பில் இருப்பது துடிப்பு, மணி பார்க்கும் கடிகாரம் அல்ல. வினாடிக்கு 150 கோடித் துடிப்பை 200 கோடியாக்குகிறோம். துடிப்பேற்றம் என்று சொல்லிப் பார்க்கலாம், அல்லது வெறுமனே வேகமேற்றுதல் என்றால் எல்லோருக்கும் புரியும்.

'வெப்பப் பசை'யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கைக்காசைத் தின்னும் தவறு. சிப்பின் முகமும் துண்டின் அடியும் பார்வைக்கு மழமழப்பாக இருந்தாலும் நுணுக்கமான பள்ளங்கள் உண்டு, அவற்றில் காற்று நிற்கும். அலுமினியம் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும், ஆகவே அந்த மெல்லிய காற்றுப் படலமே பெரிய தடை. அதை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். பெரும்பாலான பேஸ்ட் ஒட்டாது, துண்டைப் பிடித்து நிறுத்தத் திருகோ கொக்கியோ தனியாக வேண்டும். 'பசை' என்று படித்தவர் ஒட்டும் என்று நம்பிப் பலகையை நிறுத்தி வைக்கிறார், துண்டு வழுக்கி, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளின் மேல் விழுகிறது. அலுமினியம் மின்சாரத்தையும் கடத்தும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். களிம்பு என்று எழுதுங்கள். களிம்பு பூசுவதற்கு, ஒட்டுவதற்கு இல்லை என்று யாருக்கும் தெரியும். ஒட்டும் தன்மை உள்ள பட்டையை ஒட்டுப்பட்டை என்று தனியாகச் சொல்லுங்கள்.

2023-இல் வந்த பை 5-க்கு அதைச் செய்தவர்களே விசிறியும் தகடும் சேர்ந்த ஒன்றை விற்கிறார்கள், ஆக்டிவ் கூலர் என்ற பெயரில். சிப் 50 டிகிரியைத் தொட்டால் விசிறி மெல்லச் சுழலத் தொடங்கும். இதற்குச் 'செயலில் உள்ள குளிரூட்டி' என்ற பெயர் கிளம்பிவிட்டது. அப்படியானால் விசிறி இல்லாதது செயலில் இல்லாததா? விசிறி வெப்பப்போக்கி, விசிறியில்லா வெப்பப்போக்கி. இரண்டும் செயலில்தான் இருக்கின்றன.