சுயாதீனம்: யார் வசம்?

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை வேதாகமத்துக்கு வெளியே இன்று பார்ப்பது அரிது. பத்திர எழுத்தரிடம் போனால் சுவாதீனம் என்ற வடிவில் கிடைக்கும். கிரயப் பத்திரத்தில் சொத்தை வாங்குபவரின் "சுவாதீனத்தில்" ஒப்படைத்ததாக எழுதுவார்கள். "புத்தி சுவாதீனம் இல்லாதவர்" என்ற வழக்கும் உண்டு. இலங்கைத் தமிழில் மட்டும் சுயாதீன ஆணைக்குழு, சுயாதீன ஊடகம் என்று நாளிதழ்வரை தாராளமாகப் புழங்குகிறது. எங்கே வந்தாலும் கரு ஒன்றுதான்: தன் வசத்தில் இருப்பது.

வடமொழியில் ஸ்வ என்றால் தன், அதீன என்றால் வசப்பட்டது, சார்ந்தது. இரண்டும் சேர்ந்த ஸ்வாதீனம் தமிழில் சுவாதீனம் என்றும் சுயாதீனம் என்றும் ஆனது. அதீனம் தனியாகவும் ஆதீனமாகத் தமிழுக்கு வந்தது. தருமபுரம், திருவாவடுதுறை சைவ மடங்களை நாம் அழைக்கும் அதே ஆதீனம். சமய அதிகாரத்தைக் குறிக்கும் சொல்லையே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு விடுதலையைப் பேசும் சொல் இது. எதிர்ச்சொல் பராதீனம், பிறர் வசப்பட்டிருப்பது. இந்த எதிர்ச்சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சொல் மனப்பாடமானது கலாத்தியர் 5:1 வழியாகத்தான்: "ஆனபடியினாலே, நீங்கள் மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல், கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்." தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அதன்பின் பல கைகள் திருத்தியும் புதிதாக மொழிபெயர்த்தும் வந்து, 1871இல் ஹென்றி பவர் என்னும் மிஷனரி தலைமையிலான குழு தந்த பதிப்பே இன்றும் பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் வாசிக்கப்படுகிறது. மேலே உள்ள வாசகம் அந்த வழியில் வந்தது.

சுதந்தரம் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்கலாம். இந்த மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது. இதில் சுதந்தரம் என்றால் வாரிசாக வரும் சொத்து. சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் "சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்பது அதை உரிமைச் சொத்தாகப் பெறுவார்கள் என்பதே. சுதந்தரவாளி என்றால் வாரிசு. இதை அறியாமல் 1 பேதுரு 5:3ஐ வாசித்தால் தடுமாறத்தான் வேண்டும். மூப்பர்கள் "சுதந்தரத்தை இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல" என்று அங்கே வருகிறது. இன்றைய காதில் இது ஏதோ விடுதலை உணர்வைக் கட்டுப்படுத்தும் அறிவுரைபோல் விழும். உண்மையில் சொல்வது நேர்மாறு: உங்கள் பொறுப்பில் பங்காக விடப்பட்ட மக்களின்மேல் எஜமான்களைப்போல் உட்காராதீர்கள். சபை அதிகாரத்துக்குப் பேதுரு போட்ட கடிவாளத்தை ஒரு சொல்லின் பொருள்மாற்றம் நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

மூலத்துக்கு வருவோம். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் எலியூத்தெரியா. அவர் காலத்தில் அது மனநிலையின் பெயரல்ல, சட்டத்தின் முன் ஒருவனுக்குள்ள தகுதியின் பெயர். நீ அடிமையா, எலியூத்தெரோஸா (அடிமையல்லாதவனா) என்பதே கேள்வி. கிரேக்கத்தில் தெல்பி என்னும் ஊரின் கற்சுவரில், அடிமைகள் விடுவிக்கப்பட்ட ஆவணங்கள் ஆயிரத்துக்கும் மேல் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை விற்பனைப் பத்திரங்களாகவே எழுதப்பட்டவை. எஜமான் தன் அடிமையை அப்பொல்லோ தெய்வத்துக்கு "விடுதலைக்கென்று" விற்பான். விலையைப் பெரும்பாலும் அடிமையே சேர்த்து வைத்திருப்பான். பத்திரப்படி இனி அவன் தெய்வத்தின் ஆள், ஆகவே எந்த மனிதனும் அவனைத் திரும்ப அடிமையாக்க முடியாது. அந்தக் கல்வெட்டுகளில் வரும் "விடுதலைக்கென்று" என்ற தொடரைக் கலாத்தியர் 5:13இல் பவுலும் எழுதுகிறார். ஒற்றுமையை ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் டைஸ்மான் எடுத்துக்காட்டினார். பவுல் அந்தச் சுவரை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்தில்லை, ஆனாலும் "நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்" என்ற 1 கொரிந்தியர் 7:23ஐ அதன் பக்கத்தில் வைத்தால், அவர் கேட்டு வளர்ந்த பத்திரமொழி எதுவென்று புரிகிறது.

இங்கேதான் சுயாதீனம் என்ற சொல்லில் எனக்கு நெருடல். உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் அது "என் வசத்தில் நான்" என்கிறது. பவுலோ நம்மை நம் வசத்தில் விடவே இல்லை. ரோமர் 6:14 "நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால்" என்கிறது. இரண்டு பக்கமும் "கீழ்ப்பட்டு"தான். மாறியது எதன் கீழ் என்பது மட்டும். பேதுருவும் "சுயாதீனமுள்ளவர்களாயிருந்தும்" என்று சொன்ன அதே மூச்சில் தேவனுக்கு அடிமைகளாயிருங்கள் என்கிறார். சொற்கணக்குப்படி இது பராதீனம்! கிருபை தரும் விடுதலையை விளக்க அதன் எதிர்ச்சொல்லே பொருத்தமாக வந்து நிற்கிறது. 1520இல் மார்ட்டின் லூத்தர் இந்த முரணை அப்படியே நிமிர்த்தி வைத்தார்: கிறிஸ்தவன் யாருக்கும் உட்படாத எஜமான், கிறிஸ்தவன் எல்லாருக்கும் உட்பட்ட ஊழியன்.

அப்படியானால் நல்ல தமிழ் எது? விடுதலை என்ற சொல் அதே பழைய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது: "சத்தியம் உங்களை விடுதலையாக்கும்", "கர்த்தருடைய ஆவி எங்கேயோ அங்கே விடுதலையும் உண்டு." விடு என்ற வினையிலிருந்து வந்தது. அதே விடு முதல் நீண்டு வீடு ஆகும், கெடு கேடாவதைப் போல. அறம், பொருள், இன்பம், வீடு என்பதில் வரும் வீடு. கட்டு அவிழ்ந்த நிகழ்வைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் விடுதலையான பிறகு ஒருவன் வாழும் நிலைக்கு அது போதவில்லை. சிறையிலிருந்து வெளியே வந்தவனும் விடுதலையானவனே. அவன் யாருடைய வீட்டுப் பிள்ளை என்பதை அந்தச் சொல் சொல்லாது.

அதற்கு என் தேர்வு உரிமை. உரியவன் என்றால் உடையவனும் ஆகும், சேர்ந்தவனும் ஆகும். "கிறிஸ்துவுக்கு உரியவர்கள்" என்றால் அவரைச் சேர்ந்தவர்கள். "சொத்துக்கு உரியவன்" என்றால் வாரிசு. கலாத்தியர் 4:30ஐப் பாருங்கள்: "அடிமையானவளுடைய மகன் சுயாதீனமுள்ளவளுடைய குமாரனோடே சுதந்தரவாளியாயிருப்பதில்லை." இரண்டு வடசொற்கள் தேவைப்பட்ட இடம். 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம், இந்தச் சுயாதீனமுள்ளவளை, அதாவது ஆபிரகாமின் மனைவி சாராளை, உரிமைப் பெண் என்றும் வாரிசுச் சொத்தை உரிமைப்பேறு என்றும் சொல்லிவிடுகிறது. பவுலின் தர்க்கம் முழுவதும் ஒரே வேரில் நின்றுவிடுகிறது. (கிருபையையும் அது அருள் என்றே எழுதுகிறது. கிருபை என்றால் இரக்கம் என்ற சாயல் முந்தும். கிரேக்கக் காரிஸ் என்பதில் இருக்கும் கொடை என்ற சாயல் அருளில் கூடுதலாகக் கேட்கிறது.)

சரி, உரிமை பெற்றவன் போதகத்தின் முன் எப்படி நிற்கிறான்? அதற்கும் வேதத்தமிழில் ஒரு சொல் இருக்கிறது, அதுவும் மங்கிப்போனது: நிதானி. 1 கொரிந்தியர் 14:29: "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." இன்று நிதானம் என்றால் பதற்றப்படாமை. ஆகவே பேசுபவர் பேச, மற்றவர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வைத்திய நூல்களில் நிதானம் என்றால் நோயின் மூலத்தைக் கண்டறிதல். குறள் சொல்லும் நோய்முதல் நாடல். கிரேக்கத்தில் தியாகிரினோ, வேறுபிரித்து முடிவுசெய்தல். மேடையில் நிற்பவர் சொன்னதைக் கீழே இருப்பவர்கள் பிரித்தெடுத்துப் பார்க்கவேண்டும் என்பதே கட்டளை. பகுத்துணர்தல் என்று எழுதினால் குழப்பம் தீரும்.

இந்த உரிமையை அடைக்க ஒரு வசனம் அடிக்கடி எடுத்து வீசப்படும்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்." சங்கீதம் 105ஐ முழுதாக வாசித்தால், அது நாடோடிகளாய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபை ராஜாக்கள் ஒடுக்காதபடி சொல்லப்பட்டது. பலம் உள்ளவனிடமிருந்து பலம் இல்லாதவனைக் காத்த வாக்கு, இப்போது மேடைக்கு வேலியாகிவிட்டது. கேள்வி கேட்பது தீங்கு செய்வதல்ல. பேதுருவை அந்தியோகியாவில் பவுல் "முகமுகமாய்" எதிர்த்தார். அதனால் இருவருடைய அபிஷேகத்துக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபிரெயர் 13:17 சொல்லத்தான் செய்கிறது. அங்குள்ள கிரேக்க வினை, இணங்கவைத்தல் என்ற வினையின் மறுவடிவம். எடுத்துச் சொன்னதைக் கேட்டு இணங்குவது என்ற சாயல் அதில் உண்டு. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்ற 1 தெசலோனிக்கேயர் 5:21 வசனத்துக்கு முந்தைய வரியும் "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்பதுதான். அங்கே சோதித்தல் என்பது நாணயத்தையும் உலோகத்தையும் உரைத்துப் பார்ப்பதற்கான சொல். பொன்னே இல்லை என்று முடிவுகட்டியவன் உரைகல்லைத் தேடமாட்டான்.

பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை "நற்குணசாலிகள்" என்கிறது. மூலச்சொல் யூகெனெஸ்; நேர்ப்பொருள் நற்குடியில் பிறந்தவர்கள். குணத்தைவிடப் பிறப்பைப் பேசும் சொல். உரிமைப் பெண்ணின் பிள்ளைகளுக்குப் பொருந்தும் சொல் என்றே எனக்குப் படுகிறது.

கடைசியாக ஒன்று. கலாத்தியர் 5:13 "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்று முடிகிறது. ஊழியக்காரர் என்பது இன்று மேடையில் அமர்பவருக்கான பட்டம். பவுல் எழுதிய வினை துலெயூவோ, அடிமையாய் வேலை செய்தல். அதை அவர் எழுதியது போதகர்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கடிதத்தைக் கேட்ட எல்லாருக்கும்.