ரிலே: அஞ்சலா, உணர்த்தியா, மடைமாற்றியா?

டெல்டாவில் ரிலே என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் உண்டு. பம்புசெட் வைத்திருக்கிறவரைக் கேட்டால், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மோட்டார் லோடு தாங்காமல் திணறும்போது சப்ளையை நிறுத்திவிடுகிற சாமான் என்பார். வேளாண்மைத் துறைக்காரர் கூட்டம் போட்டுப் பேசினால் ரிலே கிராப்பிங் என்பார். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அது கைக்குக் கை குச்சி மாறுகிற ஓட்டப்பந்தயம். ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஹாரன் ரிலே. இப்போது காரின் டிக்கியில் பெரிய பேஸ் பெட்டி வைக்கிற பையன்கள், சப்ஊஃபர் காயிலைச் சீரிஸிலிருந்து (தொடர் இணைப்பு) பேரலலுக்கு (பக்க இணைப்பு) மாற்ற ரிலே போடலாமா என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதோடு சேர்த்து, ரிலேவுக்குத் தமிழில் என்ன என்றும் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் இருப்பதால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வேட்டைக்காரர்களின் சொல். மானை விரட்டிக்கொண்டு போகிற நாய்கள் ஓரிடத்தில் களைத்துப்போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, வழியில் அங்கங்கே புதிய நாய்க் கூட்டத்தை நிறுத்தி வைப்பார்கள், பழையதை விட்டுவிட்டுப் புதியதை அவிழ்த்து விடுவார்கள். ரிலே என்பதில் உள்ள 'லே' அந்த 'விடுதல்' என்ற வினையிலிருந்து வந்தது. அப்புறம் நாய் போய்க் குதிரை வந்தது, தபால் வண்டிக்கு வழியில் மாற்றுக் குதிரை கட்டி வைப்பதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

மின்சாரத்துக்கு வந்தது தந்தியின் காலத்தில். கம்பி நீள நீள அதன் தடையில் மின்னோட்டம் நலிந்துபோகும், அந்தக் கடைசியில் கருவியை அசைக்கத் தெம்பு இருக்காது. அதற்கு 1830களில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி போன்றவர்கள் மின்காந்தத்தை வைத்து ஒரு வழி கண்டார்கள்: நலிந்து வந்த மின்னோட்டம் ஒரு சின்ன இரும்புத் துண்டை இழுத்தால் போதும், அந்தத் துண்டு இன்னொரு பேட்டரியின் சுற்றை இணைத்துவிடும், புதிய பேட்டரியின் தெம்போடு செய்தி அடுத்த ஊருக்குப் போகும். களைத்த குதிரையை மாற்றுகிற வேலைதான் என்பதால் பெயரும் அதுவே ஆயிற்று.

இந்த இடத்தில் தமிழுக்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது, அது அஞ்சல். நாம் இன்று அஞ்சல் என்றால் தபால் என்று மட்டும் நினைக்கிறோம். திருவிதாங்கூர், கொச்சி அரசுகளில் 1951 வரை அஞ்சல் என்ற பெயரிலேயே தனித் தபால் நடந்தது, சலங்கை கட்டிய கோலோடு ஓடுகிற அஞ்சல்காரர் அதன் அடையாளம். கையிலிருந்து கைக்கு மாற்றி ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது என்ற கருத்து அந்தச் சொல்லில் உண்டு. வானொலிக்காரர்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி வேறொரு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கித் தன் அலைவரிசையில் விட்டால் அது அஞ்சல். நேரடி அஞ்சல் என்று இன்றும் சொல்கிறோம். ஆக, ஒலிபரப்பு ரிலே என்றால் அஞ்சல், ஓட்டப்பந்தயத்துக்குத் தொடரோட்டம், இரண்டிலும் குழப்பமில்லை.

ரிலே கிராப்பிங்கையும் இதோடு சேர்க்கலாம். சம்பாவோ தாளடியோ அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, வயல் ஈரம் மெழுகு பதத்தில் இருக்கிற நேரம் பார்த்து நின்ற நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். நெல் போகும்போது உளுந்து முளைத்து நிற்கும், நிலம் ஒரு நாள்கூடச் சும்மா இருக்காது. இதற்கு நம்மவர்கள் தனிப்பெயர் தேடி அலையவில்லை, தரிசு உளுந்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். (அறுவடை மிஷின் செயின் ஏறி முளையை நசுக்குகிற கதை தனி.)

மின்சாரச் சாமானுக்கு வந்தால்தான் சிக்கல். உணர்த்தி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மோசமான சொல் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் ஓவர்லோடு ரிலேவைப் பாருங்கள், மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால் உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி வளையும், வளைந்து சுற்றைத் துண்டிக்கும். அது ஒன்றை உணர்கிறது, உணர்ந்ததைத் தெரிவிக்கிறது. துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கிற ரிலேக்களும் அந்த ஜாதிதான். அங்கே உணர்த்தி என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஹாரன் ரிலே எதை உணர்கிறது? நீங்கள் பட்டனை அழுத்தியதைத் தவிர ஒன்றையும் உணரவில்லை. சொன்னதைச் செய்கிற சாமானை உணர்த்தி என்பது கொஞ்சம் ஜாஸ்தி மரியாதை.

தொடரி என்று வைக்கலாமே என்பார்கள். வேண்டாம், சீரிஸுக்குப் பாடப்புத்தகத்தில் தொடர் இணைப்பு என்று போட்டு, பிள்ளைகளும் படித்தாகிவிட்டது. தொடரியை வைத்துத் தொடர் இணைப்பைப் பக்க இணைப்பாக மாற்றுங்கள் என்று எழுதினால் படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். அஞ்சலிலிருந்து அஞ்சலி என்று ஒன்றை உருவாக்கலாம் என்றால், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இறங்கி நடந்து பாருங்கள், அந்தச் சொல்லுக்கு ஃபிளெக்ஸ்காரர்கள் முன்பே உரிமை எழுதி வாங்கிவிட்டார்கள்.

சரி, சாமானையே பார்ப்போம். வண்டிக்குப் போடுகிற கறுப்புச் சதுர ரிலே ஒன்றின் பிளாஸ்டிக் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றினால் எல்லாம் கண்முன் இருக்கும். நடுவில் மெல்லிய செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றிய காயில், அதற்குள் இரும்புத் தண்டு. மேலே ஒரு இரும்புத் தகடு, அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங். தகட்டோடு அசைகிற பாயிண்ட் ஒன்று, அதற்கு மேலும் கீழுமாக அசையாத பாயிண்ட் இரண்டு. காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது அசைகிற பாயிண்ட் ஒன்றின் மேல் சாய்ந்திருக்கும், கரண்ட் வந்ததும் 'டிக்' என்று மற்றதன் மேல் போய் உட்காரும். அவ்வளவுதான் மொத்த ரகசியமும்.

அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்களுக்குப் பக்கத்தில் உள்ள எண்கள் ஜெர்மனியின் டின் (DIN) 72552 தரத்திலிருந்து வந்தவை. 85, 86 காயிலுடையவை. 30 பொதுமுனை, அசைகிற பாயிண்ட். 87ஏ என்பது சும்மா இருக்கும்போது ஒட்டியிருப்பது, 87 என்பது கரண்ட் கொடுத்தால் ஒட்டுவது. 12 வோல்ட் காயில் வழக்கமாக 80 முதல் 100 ஓம் வரை இருக்கும், ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். அந்தச் சின்ன மின்னோட்டத்தை வைத்து 30, 40 ஆம்பியரை ஆட்டிவைக்கலாம்.

நாலு பின் ரிலேயில் 87ஏ இருக்காது, சேர்க்கவும் பிரிக்கவும் மட்டும் தெரியும். அஞ்சு பின் ரிலேதான் ஒரு வழியை அடைத்து இன்னொரு வழியில் விடுகிறது. வாய்க்காலில் இந்தப் பக்கத்து மடையை அடைத்து அந்தப் பக்கத்து மடையைத் திறந்துவிடுகிறோமே, அதற்குத் தமிழில் மடைமாற்றுதல் என்று பெயர் இருக்கிறது, நிதியை மடைமாற்றிவிட்டார்கள் என்று செய்தித்தாளில்கூட எழுதுகிறார்கள். அஞ்சு பின் ரிலேவுக்கு மடைமாற்றி என்பது என் கட்சி. கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் புது ஆற்றுக்கும் தண்ணீரைப் பிரித்து விடுகிற ஊரில் இந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். மடையைத் திறந்தால் தண்ணீர் போகும், மின்சுற்றைத் திறந்தால் கரண்ட் நின்றுவிடும். நார்மலி ஓப்பன் என்று ரிலேயில் போட்டிருந்தால் சும்மா இருக்கும்போது கரண்ட் போகாத பாயிண்ட் என்று அர்த்தம், நார்மலி குளோஸ்டு என்றால் போகிற பாயிண்ட். நம் ஊர்க்காரர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டு வயரை மாற்றிக் கொடுப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். திறந்த, மூடிய என்று மொழிபெயர்ப்பதைவிட, பிரிந்த முனை, சேர்ந்த முனை என்று எழுதினால் தொல்லை இல்லை.

இப்போது சப்ஊஃபர். இரட்டை வாய்ஸ் காயில் (ஸ்பீக்கர் கோனை அசைக்கிற கம்பிச் சுருள்) உள்ள ஊஃபர், ஒவ்வொரு காயிலும் 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சீரிஸில் போட்டால் ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்) பார்ப்பது 8 ஓம், பேரலலில் 2 ஓம். அதே வோல்ட்டேஜுக்கு 2 ஓமில் நாலு மடங்கு பவர், கணக்குப்படி 6 டெசிபல் கூடுதல். ஆம்ப் 2 ஓமில் 500 வாட் தருகிறது என்றால் காயில்களுக்குப் போகிற மின்னோட்டம் 16 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே, 8 ஓமில் அதே வோல்ட்டேஜுக்கு 4 ஆம்பியர்தான்.

இதை மாற்ற இரண்டு அஞ்சு பின் ரிலே வேண்டும். முதல் வாய்ஸ் காயிலின் பிளஸ் ஆம்பின் பிளஸோடு நிரந்தரமாக இருக்கட்டும், இரண்டாவதன் மைனஸ் ஆம்பின் மைனஸோடு நிரந்தரமாக இருக்கட்டும். மீதி இரண்டு முனைதான் மடை மாறவேண்டியவை. முதல் காயிலின் மைனஸை ஒரு ரிலேயின் 30இல் கொடுங்கள், இரண்டாவது காயிலின் பிளஸை இன்னொரு ரிலேயின் 30இல் கொடுங்கள். இரண்டு ரிலேயின் 87ஏயையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். முதல் ரிலேயின் 87 ஆம்பின் மைனஸுக்கு, இரண்டாவதன் 87 ஆம்பின் பிளஸுக்கு. ரிலே சும்மா இருந்தால் முதல் காயிலின் வால் இரண்டாவதன் தலையில் சேர்ந்து சீரிஸ். இரண்டும் ஒருசேர இழுத்தால் பேரலல்.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது, ஏதாவது ஒரு ரிலே மட்டும் இழுத்து மற்றது இழுக்காமல் போனாலும் ஆம்ப் ஷார்ட் ஆகாது என்பதுதான். ஒரு காயில் மட்டும் பாடும், மற்றது அந்தரத்தில் நிற்கும். பேஸ் திடீரென்று மெலிந்துபோனால் முதலில் அங்கே பாருங்கள். மெலிந்ததை ஈடுகட்ட வால்யூமைக் கூட்டினால் பாடுகிற ஒற்றைக் காயில் சூடேறும், அதனால் சரிசெய்யும்வரை வால்யூமைக் குறைத்து வையுங்கள். கரண்ட் இல்லாத நிலையில் சீரிஸ், அதாவது ஆம்புக்குச் சுமை குறைந்த நிலை, இருக்கும்படி வைத்ததும் வேண்டுமென்றுதான்.

ஹாரன் ரிலே போட்டுப் பழகிய கைகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே மைனஸ் என்றால் வண்டி பாடி. இங்கே ஆம்பின் மைனஸ் என்பது ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் இருக்கும் மைனஸ் மட்டும்தான். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) ஆம்பிலும் நிறைய மோனோ ஆம்பிலும் அந்த முனையிலும் சிக்னல் இருக்கும், அதை பாடியில் கொண்டுபோய் எர்த் செய்தால் ஆம்ப் புரொடெக்‌ஷனுக்குப் போய்த் தானே நின்றுவிடும் அல்லது போயே போய்விடும். பாடிக்குப் போகவேண்டியது ரிலேயின் 85 மட்டுமே. 86க்குப் பேட்டரியின் பிளஸிலிருந்து ஒரு சின்ன ஃபியூஸ், ஸ்விட்ச் வழியாக. 85க்கும் 86க்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, வெள்ளிக் கோடு உள்ள முனை பிளஸ் வருகிற 86 பக்கம். ரிலே காயிலின் கரண்ட்டை நிறுத்தும்போது எகிறுகிற வோல்ட்டேஜை அது விழுங்கிவிடும், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டப்' கேட்கும்.

பாட்டு ஓடும்போது மாற்றாதீர்கள். பாயிண்ட் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகிற அந்தக் கணத்தில் பொறி பறக்கும், ரிலேயின் 40 ஆம்பியர் கணக்கெல்லாம் பேட்டரியின் 12, 14 வோல்ட்டுக்குச் சொன்னது, 500 வாட் ஆம்பின் வாயில் 30 வோல்ட்டுக்கு மேல் ஆடுகிறது. நாலு தடவை அப்படிச் செய்தால் பாயிண்ட் கருகும், சில சமயம் ஒட்டியே போய்விடும். ஆம்பை நிறுத்தி, மாற்றி, பிறகு போடுங்கள்.

இவ்வளவும் தேவையா என்றால், பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. சத்தத்தைக் குறைக்க வால்யூம் குமிழ் இருக்கிறது. 2 ஓமில் சூடேறுகிற ஆம்பை நீண்ட பயணத்தில் இளைப்பாற விடவும், ஒரே ஊஃபரை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யவும் உதவும். ஆம்ப் 2 ஓமைத் தாங்கும் என்று அதன் முதுகில் எழுதியிருக்கவில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கடையில் போய் மடைமாற்றி கொடுங்க என்று கேட்டால் கிடைக்காது, எழுதும்போது வைத்துக்கொள்ளுங்கள். அங்கே "அண்ணே, அஞ்சு பின் ரிலே, 12 வோல்ட்" என்று வோல்ட்டைச் சேர்த்தே கேளுங்கள். பஸ், லாரிக்கான 24 வோல்ட் ரிலேயும் அதே கறுப்புச் சதுரத்தில், அதே அஞ்சு பின்னோடுதான் வருகிறது. காரில் போட்டால் தகட்டை இழுக்கத் தெம்பு போதாமல், ஸ்விட்சை எத்தனை தடவை தட்டினாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.