படிவத்தில் இல்லாத தாழ்ப்பாள்

பள்ளிகளில் தீ, விபத்துப் பாதுகாப்பை ஆய்வு செய்வது என் வேலை. எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் காலையிலேயே ஆய்வு முடிந்துவிட்டது. தீயணைப்பான் காலாவதியாகவில்லை, மாடிப்படியில் அடைசல் இல்லை, கழிவறை சுத்தம். எல்லாவற்றுக்கும் டிக். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நாம் படியையும் வாசலையும் பார்க்காமல் விடுவதில்லை, அதுவரை சரி.

மதியம் கொஞ்சம் நேரம் இருந்தது. எட்டாம் வகுப்புக்குப் போய், "வீட்டிலிருந்து வரும் வழியை வரைங்க, பயமா இருக்கிற இடத்துல சிவப்புப் புள்ளி வைங்க" என்றேன்.

பையன்களின் புள்ளிகள் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலையில். நிற்கிற வண்டிதானே என்று இடையில் புகுந்து வருகிறார்கள். வண்டியின் மூக்கை ஒட்டி நடக்கும் பிள்ளை, உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் கண்ணில் படாது. பெண்பிள்ளைகளின் புள்ளிகளோ பள்ளிக்குள்ளேயே இருந்தன. அதே கழிவறை. உள்ளே தாழ்ப்பாள் இல்லையாம். ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்கிறாள். துணை கிடைக்காத நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. தரையைப் பார்த்த நான், குழாயைத் திறந்து பார்த்த நான், கதவைச் சாத்திப் பார்க்கவில்லை.

2023 டிசம்பரில் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடிய ஊர் இது. "கேஸ் வந்தா கிரவுண்டுக்கா சார் ஓடணும்? காத்து அங்கேயே அடிச்சா?" என்று கேட்டாள் ஒருத்தி. நல்ல கேள்வி. காற்றுக்குக் குறுக்காக விலக வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? "படகுல கொடி கட்டுவோம்ல சார்" என்றான் ஒரு மீனவர் வீட்டுப் பையன். பள்ளி மொட்டைமாடியில் இப்போது ஒரு கொடி பறக்கிறது.

இதையெல்லாம் பேசத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் கூட்டம் காலை 11 மணிக்கு. மீன் விற்கும் அம்மாக்கள் அந்நேரம் கூடையோடு தெருவில் இருப்பார்கள். நோட்டில் கையெழுத்து மட்டும் வீடு தேடிப் போய் வாங்கப்பட்டிருந்தது. மாலை 6 மணிக்கு மாற்றினோம். லாரிப் பிரச்சினைக்கு அவர்களே வழி சொன்னார்கள்: பள்ளி விடும் நேரத்தில் முறை போட்டு இரண்டு பேர் சாலையில் நிற்பது. லாரிகளை அங்கே நிறுத்தவிடக்கூடாது என்று போக்குவரத்துக் காவலுக்கு மனுவும் போயிருக்கிறது, இன்னும் பதில் இல்லை.

அடுத்த மாதம் போனபோது கழிவறைக் கதவில் பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். "இப்போ சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"எங்களுக்குச் சரி சார். ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குத்தான் எட்டல."