36 டிகிரின்னா எந்த 36? பாண்டி வெயில்ல பசங்களோட பார்க்குக்கு போன கதை

மே மாச லீவுக்கு அக்கா பசங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல இருந்து வந்திருந்தாங்க, பெரியவனுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு நாலு, வந்த மறுநாளே "சித்தி பார்க்குக்கு போலாம்"னு ஆரம்பிச்சாச்சு. அக்கா போன்ல வெதர் பாத்துட்டு "36 தானே காட்டுது, எங்க ஊர்லயும் ஏப்ரல்ல இது வந்துச்சு, போய்ட்டு வாங்க"ன்னா. பதினோரு மணிக்கு கிளம்பி பன்னெண்டரைக்கு திரும்பி வந்தோம், ரெண்டு மூஞ்சியும் தக்காளியா சிவந்து போய், சின்னவ தலைவலின்னு அழுதுகிட்டு. என் பொண்ணு மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி மாம்பழம் கேட்டா. அந்த 36ங்கற நம்பர் முக்கால்வாசி விஷயத்த சொல்றதே இல்ல, அதத்தான் எழுதலாம்னு.

மொதல்ல வேர்வை. நம்ம உடம்பு உள்ள 37 டிகிரி, தோல் 33ல இருந்து 35க்குள்ள இருக்கும். வெளிய காத்து அத விட குளிர்ச்சியா இருந்தா சூடு தானா வெளிய போயிடும், ஆனா காத்தே 36ன்னா அந்த வழி மூடிடுச்சு, மிச்சம் இருக்கறது வேர்வை மட்டும்தான். ஒரு லிட்டர் வேர்வை முழுசா தோல் மேலயே காஞ்சா சுமார் 580 கிலோகலோரி சூட்ட தூக்கிட்டு போகும், அதாவது ஆறு லிட்டர் ஐஸ் தண்ணிய கொதிக்க வைக்கற அளவு சூடு. பெரிய ஏசிதான் அது. ஆனா காஞ்சாத்தான். மூக்கு நுனில இருந்து கீழ சொட்டுனதெல்லாம் வேஸ்ட், தண்ணியும் போச்சு உப்பும் போச்சு, குளிர்ச்சியும் இல்ல.

என் மாமியார் ஊர் திருவண்ணாமலை பக்கம், அங்க மண்பானைத் தண்ணி பல்லு கூசும், அதே மாதிரி பானைய வாங்கி இங்க வச்சா சும்மா லேசா ஜில்லுனு இருக்கும், அவ்வளவுதான். பானை வெளிய கசியற தண்ணி ஆவியாகணும், கடலோரத்துல காத்துல ஏற்கனவே ஈரம் நெறஞ்சு கெடக்கு, ஆவி எங்க போவும்? கணக்கு போட்டா தோலும் காத்தும் ரெண்டும் 35 டிகிரின்னு வச்சுக்குங்க, ஈரப்பதம் 70 சதவீதம்னா வேர்வை ஆவியா போக மிச்சம் இருக்கற எடம் 30தான், அதே 30 சதவீத ஈரப்பதம்னா எடம் 70, ரெண்டு மடங்குக்கும் மேல. பெங்களூர் கோடை வறண்ட கோடை. அக்கா ஊர் 36ம் எங்க 36ம் ஒண்ணில்லைங்கறதுக்கு இதுவே போதும்.

ரெண்டாவது விஷயம் பார்க்குல எங்க நிக்கறோம்ங்கறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 1000 வாட், வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒண்ணு போட்டு வச்ச மாதிரி. போன்ல காட்டற டெம்பரேச்சர் நெழல்ல வச்சு அளக்கறது, அதுல இந்த அயர்ன் பாக்ஸ் சேர்த்தியில்ல. சரி நெழலுக்கு போனோம்னு பாத்தா அன்னிக்கு நாங்க போன பார்க்குல வெளையாடற எடத்துக்கு மேல தகர ஷீட் போட்டிருந்தாங்க, நெழல்தான், ஆனா ஷீட் வெயில்ல 60 டிகிரி வரைக்கும்கூட போகும், அது கீழ நிக்கற பசங்க தலைக்கு சூட்ட கதிரா அனுப்பிகிட்டே இருக்கும், கண்ணுக்கு தெரியாது, தலை உச்சில தெரியும். மரம் அப்படி இல்ல. இலை தண்ணிய ஆவியாக்கிட்டே இருக்கறதால காத்து அளவுக்கு பக்கத்துலயே நிக்கும், பெருசா சூடேறாது, தவிர ஒரு இலைக்கு மேல இன்னொரு இலைன்னு பல அடுக்கு கூரை. அதனால பாரதி பார்க்லயோ பொட்டானிக்கல் கார்டன்லயோ (1826ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்சது, பெருசு பெருசா மரம்) போய் நின்னா தெர்மாமீட்டர்ல ரெண்டு டிகிரி கொறைவோ என்னவோ, உடம்புக்கு தெரியறது அத விட ரொம்ப அதிகம்.

தகர சறுக்கு மரம், ஸ்கூட்டி சீட் ரெண்டையும் உக்கார வைக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கைய வச்சு பாருங்க. ஒரே சூட்டுல பக்கத்துல பக்கத்துல மரப் பெஞ்சும் தகரமும் இருந்தாலும் தகரம் தன்கிட்ட உள்ள சூட்ட டக்குனு தோலுக்கு கடத்திடும், அதான் அதுல சுடுது.

இப்ப பசங்க ஏன் நமக்கு முன்னாடி வாடுறாங்க. மினி இட்லி பெரிய இட்லிக்கு முன்னாடி ஆறுது இல்லையா, அதே கணக்கு. எடைக்கு தகுந்த தோல் பரப்பு சின்ன உடம்புக்கு அதிகம், 15 கிலோ கொழந்தைக்கு ஒரு கிலோவுக்கு இருக்கற தோல் நம்மள விட ஒன்றரை மடங்குக்கு மேல. வெளிய குளிர்ச்சின்னா சீக்கிரம் ஆறுவாங்க, வெளிய சூடுன்னா சீக்கிரம் ஏறுவாங்க. வேர்வையும் பெரியவங்க அளவுக்கு வராது. அதோட நாம பெஞ்ச்ல உக்காந்திருக்கோம், அவங்க ஓடறாங்க, ஓடற தசை தனியா ஒரு அடுப்பு. உயரமும் கம்மி, பேவர் பிளாக் தரைல இருந்து வர்ற சூடு அவங்க மூஞ்சிக்கு பக்கத்துல.

சரி காத்து? வெயில்ல மண்ணு சீக்கிரம் சூடாயிடும், ஒரே எடைக்கு தண்ணிய சூடாக்க மணல விட அஞ்சு மடங்கு சூடு வேணும், அதான் கடல் சோம்பேறித்தனமா கெடக்கும். நெலத்து மேல உள்ள காத்து லேசாகி மேல போக, கடல் பக்கத்துல இருந்து காத்து உள்ள வரும், இதான் கடல்காத்து. மார்ச் ஏப்ரல்ல பெரும்பாலும் மத்தியானத்துக்குள்ள வந்துடும். மே கடைசில இருந்து ஜூன் ஜூலை வரை மேல்காத்து (மேற்குல இருந்து வர்ற காத்து) பலமா அடிச்சு அத கடலுக்கே தள்ளி வைக்கும், ரெண்டு மூணு மணி ஆகும், சில நாள் வரவே வராது, அந்த நாள்ல தான் பாண்டி கடலூர்ல 40ஐ தொடறது. கடல்காத்து ஈரமானதாச்சேன்னு கேக்கலாம், நியாயம்தான், ஆனா அது சூட்ட கொறைக்குது, தோல ஒட்டி நிக்கற ஈரக்காத்த அடிச்சுட்டு போய் புதுசு கொண்டு வருது. மேல்காத்துல வேர்வை டக்குனு காயும், வேர்க்கவே இல்லைன்னு தோணும், அந்த நாள்ல தான் பசங்க தண்ணி கேக்காமலே வத்திப் போறாங்க. கேக்கறதுக்கு முன்னாடியே குடுங்க, உப்பு போட்ட மோர், எளநி, நுங்கு கெடச்சா நுங்கு.

ஒரே ஒரு எடத்துல ஜாக்கிரதை: வெளையாடிட்டு இருந்த கொழந்த திடீர்னு மந்தமாகி, ஒளறி, வாந்தி எடுத்து, உடம்பு நெருப்பா கொதிச்சா மோர் கீர்னு பாத்துட்டு இருக்காதீங்க, நெழல்ல படுக்க வச்சு உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறிகிட்டே ஆஸ்பத்திரிக்கு போங்க.

அதுக்கப்புறம் நாங்க டைமையே மாத்திட்டோம், காலைல ஏழுக்கு கார்டன், சாயங்காலம் பீச் ரோடு இல்லன்னா கடலூர் சில்வர் பீச். அஞ்சு மணிக்கு கூட மணல் மேல கால் வைக்க முடியல, சின்னவ ஒரு சாண் தோண்டி பாதத்த உள்ள விட்டுட்டு "உள்ள ஃப்ரிட்ஜ் இருக்கு சித்தி"ன்னா. காஞ்ச மணல் சூட்ட கீழ கடத்தாது, எல்லா சூடும் மேல ரெண்டு மூணு விரக்கட அளவுலயே மாட்டிகிட்டு நிக்கும், அதான் மேல தோசக்கல்லு கீழ ஃப்ரிட்ஜு. பீச் ரோட்டு கருங்கல்லு நேர்மாறு, பகல்பூரா சூட்ட உள்ள வாங்கி வச்சுட்டு ஏழரை மணிக்கும் உக்காந்தா இதமா சுடும்.

பத்தாவது நாள் பெரியவனுக்கு ஓட ஆரம்பிச்ச உடனே வேர்த்து கொட்டுச்சு, அக்கா பயந்துட்டா. பயப்பட ஒண்ணுமில்ல, உடம்பு பழகிடுச்சு, வெயில்ல பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், ரத்தத்துல நீர் அளவு கூடும், வேர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், அதுல போற உப்பு கொறையும், என் பொண்ணுகிட்ட இருந்தது இதுதான். மூஞ்சி சிவக்கவே இல்ல அவனுக்கு. நாலு நாள் கழிச்சு பெங்களூர் பஸ் ஏத்திவிட்டோம், அங்க மூணு நாலு வாரம் இருந்தா இந்த பழக்கமெல்லாம் போயிடும், அடுத்த மே மாசம் மறுபடி மொதல்ல இருந்து.